பொம்மைக் காருக்கும் ஷிப்மென்ட் தேதியா?

பொம்மைக் கார் சேர்க்கிறவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சுக்குப் பஞ்சமே இருக்காது. எந்தக் கடையில் சரக்கு இறங்கியது, எவன் மொத்தமாக அள்ளிக்கொண்டு போனான், எது மலேசியாவில் செய்தது, எது தாய்லாந்தில் செய்தது என்று டீ ஆறிப்போகும் வரை ஓடும். ஒன்றை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "எனக்கு அலுத்துப்போச்சுப்பா" என்பதுதான் அது. சொல்லக் கூச்சம். நாற்பதைத் தொடப்போகிற ஆள் விரல் நீளக் காரை வாங்கி அடுக்குவதே வீட்டில் பெரிய வழக்கு. அந்த வழக்கில் வாதாடி ஜெயித்தவன், இப்போது சலித்துவிட்டது என்று போய் நின்றால் யார் மதிப்பார்கள்?

அந்தச் சலிப்பைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நான் இருப்பது ஆம்பூரில். ஷூ கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை. வீட்டில் ஒரு சுவர் முழுக்க ஹாட் வீல்ஸ், மாட்ச்பாக்ஸ், மஜோரெட். கட்டிலுக்கு அடியில் பிரிக்காத பெட்டிகள். எல்லாம் சுமார் 1:64 அளவு, அதாவது நிஜ வண்டியை அறுபத்து நாலில் ஒரு பங்காகச் சுருக்கியது. ஆசையாகத் தொடங்கி, வெறியாக ஏறி, கடைசியில் மரத்துப்போகிற இந்தக் கதை எனக்கு மட்டும் நடந்ததில்லை. வேலூர், காட்பாடி, இராணிப்பேட்டை, வாணியம்பாடி என்று இந்தப் பக்கத்தில் இதே பழக்கம் உள்ள பல நண்பர்களிடம் பார்த்துவிட்டேன். அறிகுறிகள்கூட ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.

முதலில் வாங்கிய பொருளைப் பிரிப்பது நிற்கும். பை அப்படியே கதவோரம் கிடக்கும். அடுத்து, "சரக்கு வந்துருச்சு" என்று போனில் படம் வந்தால் சந்தோஷத்துக்குப் பதில் எரிச்சல் வரும். எரிச்சலோடேயே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போவோம். தேடிப் போன கார் கடையில் இல்லை என்றால் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இந்த நிம்மதியைக் கவனியுங்கள். இல்லை என்ற பதில் இனிக்கத் தொடங்கினால் விஷயம் முற்றிவிட்டது. அதற்கப்புறம் எதையும் ரசிக்க வராது, குறை மட்டும்தான் தெரியும். இந்த வருஷம் பெயின்ட் மட்டம், சக்கரம் மட்டம், கம்பெனியே கெட்டுப்போச்சு!

உலக சுகாதார நிறுவனம் 2019ல் தன் நோய்ப் பட்டியலின் 11வது பதிப்பில் 'பர்ன்அவுட்'டுக்கு ஒரு விளக்கம் கொடுத்தது. மூன்று அடையாளம் சொன்னது. சக்தி வற்றிப்போவது, செய்கிற வேலையிலிருந்து மனசு விலகி வெறுப்பு வளர்வது, திறமை குறைந்துவிட்டதாகத் தோன்றுவது. இதை நோய் என்று அது சொல்லவில்லை. வேலையிடத்தில் தீராமல் கிடக்கும் அழுத்தத்தால் வருவது என்றது. கூடவே, வேலைக்கு மட்டும்தான் இது பொருந்தும், வாழ்க்கையின் மற்ற விஷயங்களுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் எழுதி வைத்தது.

அப்படியானால் பொழுதுபோக்கில் இந்த மூன்றும் எப்படி வருகின்றன? எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். அது பொழுதுபோக்காக இல்லை. நமக்கே தெரியாமல் இரண்டாவது ஷிஃப்ட் ஆகிவிட்டது. இதைச் சொல்ல எங்கள் ஊரை விடப் பொருத்தமான ஊர் கிடையாது.

கம்பெனிக் கண்

எங்கள் பக்கத்தில் தோல் தொழிலில் இருக்கிறவர்களுக்குக் கண்தான் கருவி. டேனரியில் தோலை மேஜையில் விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து ரகம் பிரிப்பார்கள். உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கோடு, சூடு போட்ட அடையாளம், நரம்பு ஓடிய தடம், கழுத்துச் சுருக்கம் என்று ஒரு மாட்டின் வாழ்க்கையே அதில் எழுதியிருக்கும். அசார்ட்டர் அதைச் சில நொடியில் படித்து ஏ, பி, சி என்று தள்ளிவிடுவார். ஷூ கம்பெனிக்கு வந்தால் எங்கள் முறை. கட்டிங்கில் இடது வலது நிறம் சேருகிறதா, தையலில் ஒரு கண்ணி விட்டிருக்கிறதா, அச்சில் ஏற்றும் லாஸ்டிங்கில் ஷூவின் மூக்கு கோணியிருக்கிறதா, ஒட்டின பசை வெளியே தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சரக்கு வாங்குகிற பையரின் ஆள் வந்து பெட்டி திறந்து பார்ப்பதற்குள் நாம் பார்த்திருக்க வேண்டும். தலைக்கு மேல் ஷிப்மென்ட் தேதி. கப்பல் நமக்காகக் காத்திருக்காது.

இந்தக் கண்ணோடு ஒருவன் பொம்மைக் கடைக்குப் போனால் என்ன செய்வான்? நான் செய்ததைத்தான். கொக்கியில் தொங்குகிற அட்டையை எடுத்து முதலில் மூலையைப் பார்ப்பேன், நசுங்கியிருக்கிறதா என்று. பிறகு பிளாஸ்டிக் குமிழைச் சாய்த்து வெளிச்சத்தில் காட்டுவேன், விரிசல் தெரிகிறதா என்று. கொக்கி மாட்டும் ஓட்டை கிழிந்திருக்கிறதா, பின்பக்கம் விலை ஸ்டிக்கரின் பசை ஒட்டியிருக்கிறதா, காரின் கூரையில் அச்சு தள்ளியிருக்கிறதா, நாலு சக்கரமும் நேராக நிற்கிறதா. ஒரே மாதிரி அஞ்சு அட்டையை வரிசையாகப் பிடித்து ஏ ரகம் ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியைத் திரும்ப மாட்டுவேன். கடைக்கார பாய் ஒரு தடவை சிரித்துக்கொண்டே கேட்டார்: "இன்னா சார், எக்ஸ்போர்ட்டுக்கா?"

அவர் கேலியாகக் கேட்டதில் முழு விஷயமும் இருந்தது. அன்று நான் எடுத்த கார் ஒரு பழைய பிக்கப் லாரி. என்ன நிறம் என்று இப்போது கேட்டால் தெரியாது. அட்டை சுத்தமாக இருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது. காரைப் பார்க்கவே இல்லை, குறையைத்தான் பார்த்திருக்கிறேன். எட்டு மணி நேரம் பையருக்காகக் குறை தேடிய கண், வீட்டுக்கு வந்தும் அதே வேலையைச் செய்தால் அது எப்போதுதான் ஓய்வெடுக்கும்?

கண் ஒரு பாதி. தேதி இன்னொரு பாதி.

தேதி வைப்பவன் யார்?

ஹாட் வீல்ஸ் 1968ல் வந்தது. அமெரிக்காவின் மேட்டல் கம்பெனியுடையது. இன்று அதன் சாதாரண வரிசையில் மட்டும் ஒரு வருஷத்துக்குச் சுமார் 250 கார்கள். ஒவ்வொரு அட்டையிலும் 37/250 என்பது போல ஓர் எண் இருக்கும். சின்ன எண்தான், ஆனால் அது செய்கிற வேலை பெரிது. கையில் இருக்கிற ஒன்றைக் காட்டாமல், கையில் இல்லாத 249ஐக் காட்டும். இவை வருஷம் முழுக்க ஏ கேஸ், பி கேஸ் என்று எழுத்து வைத்து அணி அணியாக இறங்கும். ஒன்றைத் தேடி முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும். இதுவும் ஷிப்மென்ட்தான். அங்கே நாம் பெட்டி கட்டி அனுப்புகிறோம், இங்கே பெட்டிக்குக் காத்து நிற்கிறோம்.

1995ல் 'ட்ரெஷர் ஹன்ட்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அந்த வருஷம் 12 கார், ஒவ்வொன்றிலும் 10,000 மட்டும். உலகம் முழுக்கத் தேடுகிறவர்களுக்குப் பத்தாயிரம் எந்த மூலைக்கு? 2007லிருந்து அதற்கும் மேல் 'சூப்பர்' ரகம். மினுங்கும் பெயின்ட், ரப்பர் டயர், காரின் மேல் எங்கேயோ ஒளிந்திருக்கும் டிஎச் என்ற எழுத்து. மற்ற கார்களோடு கலந்து அதே விலைக்கு வரும். அதனால்தான் கடை திறக்கும் முன்னாலேயே வாசலில் ஆள் நிற்கிறது. போன வருஷங்களில் ஊரையே ஆட்டிய லபுபு பொம்மையும் இதே வித்தைதான். பெட்டிக்குள் எது இருக்கிறது என்று தெரியாமல் வாங்க வைப்பது. பொம்மை ஒன்று, பரபரப்பு ஒன்று, இரண்டையும் சேர்த்து விற்கிறார்கள். பரபரப்புக்குத்தான் காசு அதிகம்.

இந்தியாவில் இதோடு வேறு சில காரணங்களும் சேர்ந்தன. 2020 பட்ஜெட்டில் பொம்மை மீதான சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023ல் 70. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். குழந்தை வாயில் வைக்கிற பொருளுக்குத் தரம் கேட்பது சரிதான், உள்ளூர்த் தொழிலுக்கும் அது நல்லது. ஆனால் வெளிநாட்டுக் காரைத் தேடுகிறவனுக்குச் சரக்கு அருகியது, இடையில் வாங்கி விற்கிறவர்கள் பெருகினார்கள். கடையில் இருநூறு ரூபாய்க்குள் கிடைக்க வேண்டியது கை மாறி மாறி ஐந்நூறு, ஆயிரம் என்று வாட்ஸ்அப்பில் வந்து நிற்கும்.

எங்கள் மாதிரி ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் கொஞ்சம் கஷ்டம். ஆம்பூரில் பொம்மைக் கடை இருக்கிறது, பட்டியலில் இருக்கிற கார் இருக்காது. வேலூருக்கு ஐம்பது கிலோமீட்டர். அங்கேயும் இல்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து சென்னை. வாரத்தில் கிடைக்கிற ஒரே லீவு அதில் போய்விடும். எங்கள் கம்பெனியில் கட்டிங்கில் இருக்கிற தம்பி ஒருவன் எனக்கு இதில் கூட்டாளி. ஒரு நாள் மத்தியானம் போன் செய்தான்.

"ண்ணா, காட்பாடில சரக்கு எறங்கிக்கிதாம். டூட்டி முடிஞ்சதும் போலாமா?"

"இன்னிக்கு ஒடம்பு முடியலடா."

"எனக்கும்தான் முடியல. ஆனா போவலன்னா தூக்கம் வராதே."

முடியவில்லை, ஆனாலும் போக வேண்டும். ஓவர்டைமுக்கு நிற்கிறவன் இப்படித்தான் பேசுவான். ஓவர்டைமுக்காவது சம்பளம் உண்டு.

இந்த மண்ணில் பொம்மை எப்படி இருந்தது?

சலிப்பிலிருந்து வெளியே வர எனக்கு உதவியது, பொம்மை என்பது நம் பக்கத்தில் எப்படி இருந்தது என்று திரும்பிப் பார்த்ததுதான்.

சங்க காலத்துப் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தைப் பற்றி ஒரு காட்சி உண்டு. முற்றத்தில் உலர்த்திய தானியத்தைக் கொத்த வரும் கோழியை விரட்ட, ஒரு பெண் காதுக் குழையைக் கழற்றி வீசுகிறாள். அந்தக் கனத்த குழை, சின்னப் பிள்ளைகள் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேருக்குக் குறுக்கே போய் விழுந்து கிடக்கிறது. செல்வச் செழிப்பைச் சொல்ல வந்த காட்சி என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். கார் சேர்க்கிறவன் கண்ணுக்கு அதில் இன்னொன்று தெரிகிறது. பொம்மை வண்டி ஓட வேண்டும். விலை உயர்ந்த பொருள் வந்து குறுக்கே விழுந்தால் அது ஓடாது.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது நுங்குக் கூந்தலில் வண்டி செய்தோம். அதைவிட எங்கள் ஊருக்கே உரியது செருப்பு வண்டி. அறுந்துபோன ஹவாய் செருப்பில் வட்டமாக வெட்டிச் சக்கரம் எடுப்போம். ஷூ கம்பெனி வேலைக்குப் போகிற வீடுகளில் சோல் துண்டுகள் கிடைக்கும், அதில் வெட்டினால் சக்கரம் தேயாது. வறண்ட பாலாற்று மணலில் அது திணறித் திணறி ஓடும். யாரும் அதைப் பத்திரப்படுத்தியதில்லை. உடைந்தால் இன்னொன்று.

கடைப் பொம்மை என்று பார்த்தால் அதிலும் நமக்குச் சொந்தக் கதை இருக்கிறது. விஐபி சூட்கேஸ்காரர்களின் ப்ளோ பிளாஸ்ட் குழுமம் 'லியோ' என்ற பெயரில் மேட்டலோடு சேர்ந்து 80களிலிருந்து ஹாட் வீல்ஸை இந்தியாவிலேயே செய்தது. உலகத்தில் வேறெங்கும் வராத நிறங்களில் அந்தக் கார்கள் வந்தன. இன்று வெளிநாட்டுக்காரர்கள் தேடுகிறார்கள். சென்னையின் ஃபன்ஸ்கூல் 1987ல் எம்ஆர்எஃப்பும் அமெரிக்க ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து தொடங்கியது. அவர்கள் கோவாவில் செய்த ஜி.ஐ. ஜோ வீரர்களுக்கும் இதே கதைதான். அமெரிக்க அச்சில் இந்திய நிறம் பூசி வந்தவை, முதுகில் மேட் இன் இந்தியா. பையர் ஆள் பார்த்தால் நிறம் சேரவில்லை என்று ரிஜெக்ட் செய்திருப்பார். இன்றைக்கு அந்தச் சேராத நிறத்துக்காகத்தான் விலை. அதே ஃபன்ஸ்கூலுக்கு இப்போது நம் இராணிப்பேட்டையிலும் ஃபேக்டரி இருக்கிறது. தோலும் ஷூவும் கப்பலுக்குப் போகிற அதே சாலையில் பொம்மையும் போகிறது. கலிபோர்னியாவின் மேட்டல்காரன் அட்டையில் போட்ட எண்ணைத் துரத்திக்கொண்டிருந்தவனுக்கு இது பெரிய செய்தியாக இருந்தது.

இன்னொன்று கொலு. பொம்மை சேர்ப்பதில் தமிழ்நாட்டை யாரும் அடித்துக்கொள்ள முடியாது, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்திருக்கிறார்கள். காஞ்சிபுரத்திலும் பண்ருட்டியிலும் மதுரை விளாச்சேரியிலும் அதற்கென்றே வனைகிறார்கள். திருப்பதி போய் வந்தவர்கள் கொண்டு வந்த மரப்பாச்சி ஜோடி எங்கள் பக்கத்துக் கொலுவில் தவறாமல் நிற்கும். ஆனால் எந்தப் பாட்டியாவது "கொலு பொம்மை வாங்கி வாங்கி மனசு விட்டுப்போச்சு" என்று சொல்லி நான் கேட்டதில்லை. அதன் ஒழுங்கைப் பாருங்கள். வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ புதுசு. ஒன்பது நாள்தான் படியில் நிற்கும். அந்த ஒன்பது நாளும் ஊர் வந்து பார்க்கும், சுண்டல் வாங்கிக்கொண்டு போகும். முடிந்ததும் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுவார்கள். மூக்கு உடைந்த செட்டியார் பொம்மையும் அடுத்த வருஷம் கடை வைப்பார், யாரும் அவரை பி ரகம் என்று தள்ள மாட்டார்கள். வாங்குவதற்கு ஒரு அளவு, பார்ப்பதற்கு ஒரு காலம், பார்க்க வரும் மனிதர்கள், மூடி வைக்க ஒரு நாள். நம் சேகரிப்பில் இந்த நாலில் எது இருக்கிறது?

டெல்லியில் உள்ள பொம்மை அருங்காட்சியகத்தின் கதையும் இங்கே சொல்ல வேண்டும். கார்ட்டூனிஸ்ட் சங்கர் பிள்ளைக்கு ஒரு ஹங்கேரி பொம்மையால் பிடித்த பித்து அது. போகிற நாட்டிலெல்லாம் பொம்மை சேர்த்தார். ஐந்நூறு சேர்ந்ததும் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் குழந்தைகளுக்குக் காட்டினார். கட்டுவதும் பிரிப்பதுமாகப் பொம்மைகள் உடையத் தொடங்கின. அவர் சேர்ப்பதையும் விடவில்லை, பூட்டியும் வைக்கவில்லை. நிரந்தரமாக ஒரு இடம் தேடினார். 1965ல் அருங்காட்சியகம் திறந்தது. நம்மால் அருங்காட்சியகம் கட்ட முடியாது. அடுத்த வீட்டுப் பிள்ளையை உள்ளே விட முடியும்.

என்ன செய்யலாம்?

எனக்கும் நண்பர்களுக்கும் வேலை செய்ததை மட்டும் சொல்கிறேன்.

முதல் வேலை, வாட்ஸ்அப் குரூப்களை மூடுவது. வெளியே வர வேண்டாம், சத்தத்தை நிறுத்தினால் போதும். ஒரு கேஸ் வந்து போகட்டும். வந்ததும் போனதும் தெரியாமலே போனால், அந்தத் தேதி நமக்காக வைத்ததில்லை என்பது தானாகப் புரிந்துவிடும்.

இரண்டாவது, அட்டையைப் பிரிப்பது. பலருக்கு இதுதான் கசக்கும். அட்டையோடு இருந்தால் விலை ஏறும் என்பார்கள். நம்ம ஊர் வெயிலில் அது எவ்வளவு நாள் என்று பாருங்கள். மே மாதச் சூட்டில் குமிழை அட்டையோடு பிடித்திருக்கும் பசை விட்டுக்கொடுக்கும். வெயில் பட்டால் பிளாஸ்டிக் மஞ்சளாகும். மழைக்காலத்தில் அட்டை வளையும், மிச்சத்தைக் கரப்பான் பார்த்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் கார் துத்தநாகக் கலப்பு உலோகம், கலப்பு சுத்தமாக இருந்தால் நம்மை விட நீடிக்கும். அழியப்போகிற அட்டைக்காக நீடிக்கப்போகிற காரைப் பார்க்காமல் வைத்திருக்கிறோம். பிளேடால் குமிழின் அடிப்பக்கம் கீறி எடுத்தால் அட்டை கிழியாது, வேண்டுமானால் அதைத் தனியாகக் கோப்பில் போட்டு வைக்கலாம்.

மூன்றாவது, எல்லையைச் சுருக்குவது. 250ஐயும் துரத்தாமல் நமக்கென்று ஒரு கதை வைத்துக்கொள்வது. என்னுடையது, நம்ம நெடுஞ்சாலையில் ஓடுகிற, ஓடிய வண்டிகள். லாரி, அம்பாசடர், ஜீப், பஸ், ஆட்டோ. சென்டி கம்பெனியின் பிளாஸ்டிக் வண்டிகளை முன்பு திரும்பியே பார்த்ததில்லை. பின்னால் இழுத்து விட்டால் ஓடும், குழந்தைகள் பொம்மை என்று தள்ளிவிடுவோம். 1:64க்கும் அதற்கும் அளவு சேராது. சேராவிட்டால் என்ன? நம் ஊர் வண்டியை நம் ஊர் முகத்தோடு செய்தவர்கள் அவர்கள். பல கடைகளில் தேடாமலே கிடைக்கும், தேடாமல் கிடைப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

நான்காவது, கையால் எதையாவது செய்வது. இதில்தான் எங்கள் ஊருக்கு யோகம். துண்டுத் தோல் எடைக்குக் கிடைக்கும். ஒரு ஜீப்புக்குத் தோல் சீட் போடலாம் என்று இறங்கினேன். ஷூவுக்கு மேல் தோல் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமன், அதை நினைக்கவே வேண்டாம். உள்ளே லைனிங்குக்குப் போடும் ஆட்டுத் தோல் 0.6 மில்லிமீட்டர். மெல்லிசுதான் என்று நினைத்தால், கணக்குப் போட்டுப் பாருங்கள்: 0.6ஐ அறுபத்து நாலால் பெருக்கினால் 38 மில்லிமீட்டர். ஜீப்புக்குள் உட்கார்ந்து பார்த்தால் சீட்டின் தோலே கிட்டத்தட்ட நாலு சென்டிமீட்டர் கனம்! யானைத் தோல் போலத்தான். தோலைச் சீவி மெல்லிசாக்கும் ஸ்கைவிங் வேலை தெரிந்த அக்கா ஒருத்தர் பார்த்துவிட்டு, "இத மிஷின்ல வுட்டா காணாமப் பூடும், கண்ணாடித் துண்டால கையில சீவு" என்றார். சீவச் சீவக் கிழிந்தது. கிழிந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை, தேதியும் இல்லை, பையரும் இல்லை. கடைசியில் சீட்டை விட்டுவிட்டு ஒரு லாரியை எடுத்தேன். குரோம் ஏற்றிய வெட் ப்ளூ தோல் துண்டை நகக்கண் அளவுக்கு வெட்டி, ஈரத்தோடு மடித்து அடுக்கி, மேலே நூல் கட்டினேன். டேனரிக்குப் போகிற லாரி அப்படியே வந்துவிட்டது, அந்த வெளிர் நீலம் உட்பட. வாசனை கூட வந்தது, அதற்கு மட்டும் வீட்டில் எதிர்ப்பு. உலகத்தில் எந்தக் கேஸிலும் அந்த லாரி வராது. அதற்கு எண்ணும் கிடையாது.

ஐந்தாவது, கொடுப்பது. ஒன்றுக்கு மேல் இருப்பதை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பெயின்ட் உரியும், டயர் கழலும். அந்தக் கார் செய்யப்பட்டதே அதற்குத்தான்.

செய்யக் கூடாதவையும் உண்டு. சலிப்பு உச்சத்தில் இருக்கும்போது எல்லாவற்றையும் மொத்தமாக விற்காதீர்கள். அடிமாட்டு விலைதான் வரும், பிறகு அதே காரை இரண்டு மடங்கு கொடுத்துத் தேடுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். கார் அலுத்துவிட்டது என்று அனிமே பொம்மைக்கோ ஸ்னீக்கருக்கோ தாவுவதும் வீண். கம்பெனி மாறினால் வேலை மாறாது, அதே கண், அதே தேதி. கடன் அட்டையில் பொம்மை வாங்குவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, மாதக் கடைசியில் அதுவே சொல்லும்.

ஒரு விஷயத்தை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். கார் மட்டும் அலுத்திருந்தால் மேலே சொன்னது போதும். சாப்பாடு, தூக்கம், பிள்ளைகளின் பேச்சு, நண்பர்கள் என்று எல்லாமே அலுத்திருந்தால் அது பொம்மையின் பிரச்சினை இல்லை. அதை இன்னொரு கார் வாங்கிச் சரிசெய்ய முடியாது. வேலூர் பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் இருக்கிறது. நேரில் போகத் தயக்கம் என்றால் மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416, தமிழிலும் பேசலாம். ஷிஃப்டும் ஓவர்டைமுமாக ஓடுகிற எங்கள் மாதிரி ஊர்களில் அந்த எண்ணைப் போனில் ஏற்றி வைத்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கட்டிங் தம்பி இப்போது காட்பாடிக்கு ஓடுவதைக் குறைத்துக்கொண்டான். முழுக்க விடவில்லை, விடவும் வேண்டாம். போன வாரம் வீட்டுக்கு வந்து அந்த வெட் ப்ளூ லாரியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ண்ணா, கட்டு கோணலா கீதே" என்றான். "இருக்கட்டும்டா, இது பாஸ்" என்றேன்.

உங்களுக்கும் இந்தச் சலிப்பு இருந்தால் ஒரு சோதனை சொல்கிறேன். கட்டிலுக்கு அடியில் இருக்கிற பெட்டியில் கைவிட்டு, ஆசைப்பட்டு வாங்கிய காராகப் பார்த்து ஒன்றை எடுங்கள். இன்றைக்கே பிரித்துத் தரையில் ஓட்டிப் பாருங்கள். ஓட்டும்போது சிரிப்பு வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, கொஞ்ச நாள் வாங்காமல் இருந்தால் போதும். பிரிக்கவே கை வரவில்லை என்றால் அது உங்கள் பொம்மை இல்லை, சரக்கு. நல்ல விலை வரும்போது கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.